செயலூட்டிய கசடு முறை

செயலூட்டிய கசடு முறை என்பது, காற்றூட்டப்பட்ட தொட்டியில் வளர்க்கப்படும் நுண்ணுயிரிகளைக் கொண்டு கழிவுநீரிலுள்ள கரிமப் பொருட்களை அகற்றும் ஒரு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு முறையாகும். பொறியாளர்களும் நிலையப் பணியாளர்களும் இதனை ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ் என்றும் அழைப்பர். இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் 1914 ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட இம்முறை, இன்று உலகின் பெருநகரங்களில் மிகப் பரவலாகப் பயன்படும் சுத்திகரிப்பு முறைகளுள் ஒன்றாக உள்ளது.

கழிவுநீரை உண்டு வளர்ந்த நுண்ணுயிரிகள் திரண்டு கசடாகப் படிகின்றன. இக்கசட்டை வெளியே கொட்டிவிடாமல், அதன் பெரும்பகுதியை மீண்டும் தொட்டிக்கே அனுப்பிப் புதிய கழிவுநீருடன் கலப்பதே இம்முறையின் அடிப்படை. இதனால் வாரக்கணக்கில் நடைபெற வேண்டிய தூய்மையாக்கம் சில மணி நேரத்தில் நிறைவேறுகிறது. தூய்மையாக்கும் வேலையைச் செய்பவை உயிரினங்கள் என்பதால், நிலையத்தைக் கட்டி முடிப்பதோடு பணி முடிவதில்லை. காற்று, உணவு, கசட்டின் அளவு ஆகிய மூன்றையும் நாள்தோறும் சமன்படுத்தி வந்தால் மட்டுமே நிலையம் பயன் தரும்.

கழிவுநீரின் இயல்பு

வீடுகளிலிருந்து வரும் கழிவுநீரில் ஏறத்தாழ 99.9 விழுக்காடு நீரே ஆகும். எஞ்சிய 0.1 விழுக்காட்டில் மலம், உணவுத் துணுக்குகள், சவர்க்காரம், எண்ணெய், மணல், உப்புகள், நோய்க்கிருமிகள் முதலியன அடங்கும். அளவில் சிறிதாயினும் இப்பகுதியே ஆறுகளையும் ஏரிகளையும் கெடுக்கிறது.

கரிமப் பொருட்கள் நீர்நிலையில் கலக்கும்போது, அங்குள்ள பாக்டீரியாக்கள் அவற்றை உண்டு பெருகுகின்றன. அப்போது அவை நீரில் கரைந்துள்ள ஆக்சிசனைச் செலவழிக்கின்றன. 30 பாகை செல்சியசு வெப்பநிலையில் தூய நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஆக்சிசன் மட்டுமே கரைந்திருக்க இயலும். இது தீர்ந்தவுடன் மீன்கள் மடிகின்றன; நீர் கறுத்து நாற்றம் வீசத் தொடங்குகிறது.

எனவே கழிவுநீரின் மாசு வலிமை, அதனைச் சிதைக்க நுண்ணுயிரிகளுக்குத் தேவைப்படும் ஆக்சிசனின் அளவால் குறிக்கப்படுகிறது. இது உயிர்வேதி ஆக்சிசன் தேவை (பி.ஓ.டி.) எனப்படும். பல நாடுகளில் இது 20 பாகை வெப்பநிலையில் 5 நாட்கள் வைத்து அளவிடப்படுகிறது. இந்தியத் தர முறையில் நாட்டின் வெப்பநிலைக்கு ஏற்ப 27 பாகையில் 3 நாட்கள் வைத்து அளவிடப்படுகிறது. வீட்டுக் கழிவுநீரின் பி.ஓ.டி. பெரும்பாலும் லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை இருக்கும்.

வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரித்தானிய நகரங்கள் தமது கழிவுநீரை நிலத்தில் பாய்ச்சியும், கற்படுகைகளின் மீது தெளித்தும் தூய்மையாக்கி வந்தன. இவற்றிற்குப் பரந்த நிலம் தேவைப்பட்டது. 1898 இல் அமைக்கப்பட்ட கழிவுநீர் அகற்றலுக்கான அரச ஆணைக்குழு, 1912 இல் வெளியிட்ட தனது எட்டாம் அறிக்கையில், ஆற்றில் விடப்படும் நீருக்கு லிட்டருக்கு 20 மில்லிகிராம் பி.ஓ.டி., 30 மில்லிகிராம் மிதக்கும் திண்மங்கள் என்னும் எல்லையைப் பரிந்துரைத்தது. "20:30" என அறியப்பட்ட இத்தரம் பின்னர் பல நாடுகளின் சட்டங்களுக்கு முன்மாதிரியாயிற்று.

அதே 1912 இல் மான்செஸ்டர் நகரின் ஆலோசகராக இருந்த கில்பர்ட் பௌலர், அமெரிக்காவின் மாசச்சூசெட்சு மாநிலத்திலுள்ள லாரன்சு ஆய்வு நிலையத்துக்குச் சென்றார். அங்குக் கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்தி நடைபெற்ற ஆய்வுகளைக் கண்டார். நாடு திரும்பிய அவர், மான்செஸ்டரின் டேவிகியூம் கழிவுநீர் நிலையத்தில் பணியாற்றிய எட்வர்டு ஆர்டென், வில்லியம் லாக்கெட் ஆகிய வேதியியலாளர்களை அவ்வகை ஆய்வுகளில் ஈடுபடுமாறு தூண்டினார்.

அவர்கள் போத்தல்களில் கழிவுநீரை நிரப்பிக் காற்றூட்டினர். முதன்முறை கழிவுநீர் முழுமையாகத் தூய்மையாக ஏறத்தாழ ஐந்து வாரங்கள் ஆயின. அதன்பின் தெளிந்த நீரை மட்டும் வடித்துவிட்டு, அடியில் படிந்த கசட்டைப் போத்தலிலேயே விட்டுப் புதிய கழிவுநீரை ஊற்றினர். இவ்வாறு திரும்பத் திரும்பச் செய்ய, கசடு பெருகப் பெருகத் தேவைப்படும் நேரம் குறைந்துகொண்டே வந்தது. இறுதியில் ஒரு நாளுக்கும் குறைவான நேரமே போதுமானதாயிற்று. இவ்வாறு ஆற்றல் பெற்ற கசட்டுக்கு அவர்கள் "செயலூட்டிய கசடு" எனப் பெயரிட்டனர். 1914 ஏப்ரல் 3 ஆம் நாள் மான்செஸ்டரில் நடைபெற்ற வேதித் தொழிற்கழகக் கூட்டத்தில் இம்முடிவுகள் அறிவிக்கப்பட்டன.

அடுத்த சில ஆண்டுகளிலேயே இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முழு அளவிலான நிலையங்கள் இயங்கத் தொடங்கின. கில்பர்ட் பௌலர் 1916 இல் பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். இதன் வழியாக இம்முறையுடன் இந்தியாவுக்குத் தொடக்கக் காலத்திலேயே தொடர்பு ஏற்பட்டது.

சுத்திகரிப்பின் படிகள்

செயலூட்டிய கசடு முறையில் இயங்கும் நிலையம் ஒன்றில் கழிவுநீர் கீழ்க்காணும் படிகளைக் கடந்து செல்கிறது.

1. கம்பித் தடுப்பு: கந்தல் துணி, ஞெகிழிப் பைகள், மரத்துண்டுகள் முதலியவை இங்குத் தடுக்கப்படுகின்றன. இவை உட்சென்றால் எக்கிகள் அடைத்துக்கொள்ளும்.
2. மணல் பிரிப்புத் தொட்டி: நீரின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 0.3 மீட்டராகக் குறைக்கப்படுகிறது. இவ்வேகத்தில் மணல் கீழே படியும். எடை குறைந்த கரிமப் பொருட்கள் நீரோடு சென்றுவிடும். மணல் அகற்றப்படாவிடின் எக்கியின் உறுப்புகள் தேய்வதோடு, அடுத்துள்ள தொட்டிகளின் கொள்ளளவும் குறையும்.
3. முதல்நிலைப் படிவுத் தொட்டி: நீர் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் தங்கி மெதுவாகக் கடந்து செல்கிறது. மிதக்கும் திண்மங்களில் ஏறத்தாழ 50 முதல் 60 விழுக்காடும், பி.ஓ.டி.யில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும் இங்கு நீங்கும். சிறிய நிலையங்கள் பலவற்றில் இத்தொட்டி அமைக்கப்படுவதில்லை.
4. காற்றூட்டுத் தொட்டி: இதுவே நிலையத்தின் இதயம் ஆகும். கழிவுநீரும் மீள்கசடும் இங்குக் கலந்து சில மணி நேரம் காற்றூட்டப்படுகின்றன. இக்கலவை கலவைநீர் எனப்படும். காற்று, தொட்டியின் அடியிலுள்ள நுண்துளைத் தட்டுகளின் வழியே ஊதப்படும். அல்லது மேற்பரப்பில் சுழலும் விசிறிகளால் நீருக்குள் சேர்க்கப்படும்.
5. இரண்டாம்நிலைப் படிவுத் தொட்டி: கலவைநீரிலுள்ள நுண்ணுயிரித் திரள்கள் இங்குப் படிகின்றன. தெளிந்த நீர் மேல்விளிம்பில் வழிந்தோடும். படிந்த கசட்டின் பெரும்பகுதி மீள்கசடாகக் காற்றூட்டுத் தொட்டிக்குத் திரும்புகிறது. மிகையான பகுதி வெளியேற்றப்படுகிறது.
6. கிருமி நீக்கம்: தெளிந்த நீரிலும் நோய்க்கிருமிகள் இருக்கும். குளோரின் சேர்த்து ஏறத்தாழ 30 நிமிடம் நிறுத்தி வைத்தோ, புற ஊதாக் கதிர்களைச் செலுத்தியோ அவை அழிக்கப்படுகின்றன.

படிவுத் தொட்டி சரிவர இயங்காவிடின் காற்றூட்டுத் தொட்டி எவ்வளவு சிறப்பாக இயங்கினும் பயனில்லை. நுண்ணுயிரிகள் மாசை உண்டபின் நீரிலிருந்து பிரிந்து படிய வேண்டும். படியாமல் நீரோடு வெளியேறினால் அவையே மாசாகிவிடும்.

கசட்டில் வாழும் உயிரினங்கள்

கலவைநீரின் ஒரு துளியை நுண்ணோக்கியில் பார்த்தால் முழுமையான ஓர் உணவுச் சங்கிலியைக் காணலாம். கரைந்துள்ள கரிமப் பொருட்களை உண்பவை பாக்டீரியாக்கள் ஆகும். இவை பசை போன்ற பொருளைச் சுரந்து ஒன்றோடொன்று ஒட்டித் திரள்களாகின்றன. இத்திரள்களே எளிதில் படிகின்றன. இழை வடிவப் பாக்டீரியாக்கள் சிறிதளவு இருப்பின் திரளுக்கு எலும்புக்கூடு போல் உறுதி தருகின்றன. மிகுந்துவிட்டால் திரளைப் படியவிடாமல் தடுக்கின்றன.

தனித்து நீந்தும் பாக்டீரியாக்களை முதலுயிரிகள் (புரோட்டோசோவா) உண்டு நீரைத் தெளிவாக்குகின்றன. மணி வடிவில் காம்புடன் திரளைப் பற்றி நிற்கும் வோர்டிசெல்லா மிகுந்திருப்பது நல்ல கசட்டின் அடையாளம் ஆகும். அமீபாக்களும் கசையிழை உயிரிகளும் மட்டும் மிகுந்திருந்தால் கசடு இன்னும் இளமையானது எனக் கொள்ளலாம். ரோட்டிஃபர்களும் நுண்புழுக்களும் மிகுந்திருந்தால் கசடு முதிர்ந்துள்ளது எனலாம். எல்லா முதலுயிரிகளும் திடீரென அசைவற்றுக் காணப்பட்டால், நச்சுப் பொருள் கலந்திருக்கலாம் அல்லது காற்று நின்றிருக்கலாம்.

அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் மிக மெதுவாக வளர்பவை. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரசனை மாற்ற அவற்றுக்கு ஏறத்தாழ 4.6 கிராம் ஆக்சிசன் தேவை. அதோடு, கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 7.1 கிராம் காரத்தன்மையும் செலவாகும். காரத்தன்மை தீர்ந்துவிட்டால் தொட்டி அமிலத்தன்மை அடைந்து இவ்வினை நின்றுவிடும்.

இயக்கும் முறை

காற்று

காற்றூட்டுத் தொட்டியில் கரைந்த ஆக்சிசன் பொதுவாக லிட்டருக்கு 1 முதல் 2 மில்லிகிராம் வரை பேணப்படுகிறது. அம்மோனியாவையும் மாற்ற வேண்டுமாயின் 2 மில்லிகிராம் அளவில் வைப்பது வழக்கம். இதைவிட மிகுதியாகக் காற்றை ஊதுவதால் பயனில்லை. மின்சாரம் வீணாவதோடு திரள்களும் உடையக்கூடும். நிலையத்தின் மின்செலவில் ஏறத்தாழ பாதியோ அதற்கு மேலுமோ காற்றூட்டத்திற்கே செல்கிறது. இக்காரணத்தால் மின்கட்டணத்தைக் குறைக்கும் நோக்குடன் இரவில் ஊதுகருவியை நிறுத்திவிடும் பழக்கம் சிறிய நிலையங்களில் ஏற்படுவதுண்டு. கழிவுநீர் தொடர்ந்து வந்துகொண்டிருக்கையில் நெடுநேரம் காற்றின்றி விட்டால் கசடு அழுகத் தொடங்கும். பின்னர் அதனை மீட்க நாட்கணக்கில் ஆகலாம். மின்தடை ஏற்படும் இடங்களில் மாற்று மின்னாக்கி இன்றியமையாதது.

உணவும் உயிர்த்திரளும்

ஒரு நாளில் வந்து சேரும் பி.ஓ.டி.யின் எடைக்கும், தொட்டியிலுள்ள உயிர்த்திரளின் எடைக்கும் உள்ள விகிதம் உணவு–உயிர்த்திரள் விகிதம் எனப்படும். வழக்கமான நிலையங்களில் இது 0.2 முதல் 0.4 வரை இருக்கும். உணவு மிகுந்தால் பாக்டீரியாக்கள் திரளாமல் சிதறிப் பெருகும், நீர் கலங்கலாகும். உணவு மிகக் குறைந்தால் திரள்கள் சிதைந்து நுண்துகள்களாக நீரோடு வெளியேறும்.

வரும் கழிவுநீரின் அளவையோ வலிமையையோ இயக்குபவரால் மாற்ற இயலாது. தொட்டியிலுள்ள கசட்டின் அளவை மட்டுமே அவரால் மாற்ற இயலும். எனவே நாள்தோறும் எவ்வளவு கசட்டை வெளியேற்றுவது என்பதே அவர் எடுக்கும் முதன்மையான முடிவு ஆகும்.

கசட்டின் வயது

தொட்டியிலுள்ள மொத்தக் கசட்டின் எடையை, ஒரு நாளில் வெளியேற்றப்படும் கசட்டின் எடையால் வகுத்தால் கசட்டின் வயது கிடைக்கும். வழக்கமான நிலையங்களில் இது பெரும்பாலும் 5 முதல் 15 நாட்கள் வரை பேணப்படுகிறது. மெதுவாக வளரும் நைட்ரேட்டாக்கப் பாக்டீரியாக்கள் நிலைத்திருக்க வேண்டுமாயின், அவை பெருகும் வேகத்தைவிடக் குறைந்த வேகத்திலேயே கசட்டை வெளியேற்ற வேண்டும். குளிர்நாடுகளில் இதற்கு நீண்ட வயது தேவைப்படுகிறது. வெப்ப நாடுகளில் குறைந்த வயதே போதுமானது.

அரைமணிப் படிவுச் சோதனை

நிலையத்தில் நாள்தோறும் செய்யப்படும் மிக எளிய சோதனை இதுவாகும். ஒரு லிட்டர் அளவு உருளையில் கலவைநீரை நிரப்பி, 30 நிமிடம் அசைக்காமல் வைத்து, கசடு எத்தனை மில்லிலிட்டர் வரை படிந்துள்ளது எனப் பார்க்கப்படுகிறது. இவ்வளவை, லிட்டருக்கு எத்தனை கிராம் திண்மம் உள்ளது என்னும் எண்ணால் வகுத்தால் கசட்டுப் பருமக் குறியெண் கிடைக்கும். இது ஏறத்தாழ 80 முதல் 150 வரை இருந்தால் கசடு நன்கு படிகிறது எனக் கொள்ளப்படும். 150 ஐத் தாண்டிச் சென்றால் கசடு உப்பத் தொடங்குகிறது என்பது பொருள்.

எடுத்துக்காட்டுக் கணக்கு

முதல்நிலைப் படிவுத் தொட்டி இல்லாத, 10,000 பேர் வாழும் குடியிருப்பு ஒன்றின் நிலையத்தை எடுத்துக்கொள்வோம்.

- ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் வழங்கப்படுகிறது. அதில் 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்புகிறது எனக் கொண்டால், நாளொன்றுக்கு 1,080 கன மீட்டர் கழிவுநீர் வரும்.
- அதன் பி.ஓ.டி. லிட்டருக்கு 250 மில்லிகிராம் எனின், நாளொன்றுக்கு 270 கிலோகிராம் பி.ஓ.டி. வரும்.
- உணவு–உயிர்த்திரள் விகிதத்தை 0.3 ஆக வைக்க 900 கிலோகிராம் உயிர்த்திரள் தேவை.
- கலவைநீரின் திண்மச் செறிவு லிட்டருக்கு 3,000 மில்லிகிராம், அதில் 80 விழுக்காடு உயிர்த்திரள் எனின், தொட்டியின் கொள்ளளவு 375 கன மீட்டர் ஆகும். கழிவுநீர் அதில் ஏறத்தாழ 8 மணி நேரம் தங்கும்.
- அரைமணிச் சோதனையில் கசடு 300 மில்லிலிட்டர் வரை படிந்தால், பருமக் குறியெண் 300 ÷ 3 = 100 ஆகும். மீள்கசட்டு விகிதம் 300 ÷ (1,000 – 300), அதாவது வரும் நீரின் அளவில் ஏறத்தாழ 43 விழுக்காடு ஆகும்.
- தொட்டியிலுள்ள மொத்தத் திண்மம் 1,125 கிலோகிராம். கசட்டின் வயதை 8 நாட்களாக வைக்க, நாளொன்றுக்கு ஏறத்தாழ 140 கிலோகிராம் வெளியேற்ற வேண்டும். மீள்கசடு லிட்டருக்கு 10 கிராம் செறிவுடையது எனின், இது ஏறத்தாழ 14 கன மீட்டர் கசடு ஆகும்.

இக்கடைசி எண்ணே நடைமுறையில் மிகுதியும் புறக்கணிக்கப்படுவது. கசட்டை அகற்ற இடமோ செலவுக்குப் பணமோ இல்லாத நிலையங்களில் அது தொட்டியிலேயே சேர்ந்துகொண்டு வரும். ஒரு நாள் படிவுத் தொட்டி நிரம்பிக் கசடு மொத்தமாக நீரோடு வெளியேறிவிடும்.

புதிய நிலையத்தைத் தொடங்குதல்

புதிய நிலையத்தில் கசடு தானாக உருவாகப் பல வாரங்கள் ஆகும். எனவே நன்கு இயங்கும் வேறொரு நிலையத்திலிருந்து கசடு கொண்டுவந்து சேர்ப்பது வழக்கம். இது தயிருக்கு உறை ஊற்றுவதை ஒத்தது. முதலில் குறைந்த அளவு கழிவுநீரை மட்டும் செலுத்தி, கசடு வளர வளரப் படிப்படியாக அளவைக் கூட்ட வேண்டும். இக்காலத்தில் கசட்டை வெளியேற்றலாகாது.

கோளாறுகளும் காரணங்களும்

அனுபவமுள்ள பணியாளர் ஆய்வுகூட முடிவு வருமுன்னரே நிறம், மணம், நுரை ஆகியவற்றால் தொட்டியின் நிலையை அறிந்துகொள்வர். நல்ல கலவைநீர் பழுப்பு நிறத்துடன், ஈர மண்ணை ஒத்த மணம் கொண்டிருக்கும்.

- கறுப்பு நிறமும் அழுகிய முட்டை நாற்றமும்: ஆக்சிசன் போதவில்லை. ஊதுகருவி, அடைபட்ட காற்றுத் தட்டுகள், கசட்டின் மிகுதி ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும்.
- மிகுந்த வெண்ணுரை: கசடு இளமையாக உள்ளது. நிலையத்தின் தொடக்கக் காலத்தில் இது இயல்பு. மற்ற வேளைகளில் கசடு வெளியேற்றத்தைக் குறைக்க வேண்டும். சவர்க்காரமும் காரணமாகலாம்.
- தடித்த பழுப்பு நுரை: கசடு முதிர்ந்துள்ளது அல்லது எண்ணெய்ப் பசை மிகுந்து இழைப் பாக்டீரியாக்கள் பெருகியுள்ளன. நுரையை வழித்து அகற்றுவதோடு கசடு வெளியேற்றத்தையும் கூட்ட வேண்டும்.
- கசடு உப்புதல்: இழைப் பாக்டீரியாக்கள் மிகுந்து கசடு பஞ்சு போலாகிப் படிய மறுத்தல். ஆக்சிசன் குறைவு, நைட்ரசன் அல்லது பாசுபரசு போதாமை, அழுகிய நிலையில் வரும் கழிவுநீர் முதலியவை காரணங்களாகும். மீள்கசட்டில் சிறிதளவு குளோரின் சேர்ப்பது தற்காலிகத் தீர்வே. காரணத்தை நீக்காவிடின் மீண்டும் தோன்றும்.
- படிந்த கசடு கட்டிகளாக மேலெழுதல்: படிவுத் தொட்டியில் கசடு நெடுநேரம் தங்கி, நைட்ரேட்டு சிதைந்து நைட்ரசன் வளிக் குமிழ்களாகிக் கசட்டைத் தூக்குகிறது. கசடு நன்றாகப் படிந்து, பின்னரே மேலெழும். உப்பிய கசடோ தொடக்கத்திலிருந்தே படியாது. இவ்வேறுபாட்டை அறியாமல் மருந்திடுவது பயனற்றது. மீள்கசட்டின் வேகத்தைக் கூட்டுவதே தீர்வு.
- ஊசிமுனை போன்ற துகள்கள்: கசடு மிக முதிர்ந்து திரள்கள் உடைந்துள்ளன.
- திடீர்ச் செயலிழப்பு: அமிலம், பூச்சிக்கொல்லி, டீசல், மிகுதியான பிளீச்சிங் தூள் முதலியவை கலந்திருக்கலாம். தொழிற்சாலைக் கழிவு நகரக் கழிவுநீரோடு கலக்கும் இடங்களில் இது நேரும்.

எம்மாற்றத்தையும் சிறிது சிறிதாகவே செய்ய வேண்டும். கசட்டின் வயது பல நாட்களாதலால், இன்று செய்யும் மாற்றத்தின் விளைவு சில நாட்கள் கழித்தே தெரியும். ஒரே நாளில் பலவற்றை மாற்றினால் எது பயன் தந்தது என அறிய இயலாது. அன்றாட அளவீடுகளைப் பதிவேட்டில் குறித்து வருதல் இதனாலேயே வலியுறுத்தப்படுகிறது.

மிகைக் கசட்டைக் கையாளுதல்

வெளியேற்றப்படும் கசட்டில் 99 விழுக்காட்டளவு நீரே இருக்கும். முதலில் அது செறிவூட்டும் தொட்டியில் கெட்டியாக்கப்படுகிறது. பெரிய நிலையங்களில் பின்னர் காற்றுப் புகாத செரிப்புத் தொட்டியில் ஏறத்தாழ 35 பாகை வெப்பநிலையில் 15 முதல் 30 நாட்கள் வைக்கப்படுகிறது. இங்குக் காற்றின்றி வாழும் நுண்ணுயிரிகள் கசட்டைச் சிதைத்து, ஏறத்தாழ 60 முதல் 65 விழுக்காடு மீத்தேன் கொண்ட உயிர்வளியை உண்டாக்குகின்றன. இதனைக் கொண்டு மின்னாக்கி இயக்கி, நிலையத்தின் மின்தேவையில் ஒரு பகுதியை ஈடுசெய்யலாம்.

செரித்த கசடு மணற்படுகையில் வெயிலில் உலர்த்தப்படும். அல்லது மையவிலக்குப் பொறியால் நீர் பிழியப்படும். உலர்ந்த கசட்டை உரமாக்கலாம். எனினும் அதில் குடற்புழு முட்டைகள் நெடுங்காலம் உயிரோடிருக்கும். தொழிற்சாலைக் கழிவு கலந்திருப்பின் கன உலோகங்களும் இருக்கும். ஆகவே சோதித்த பின்னரே வயலில் இடுதல் வேண்டும்.

பணியாளர் பாதுகாப்பு

கழிவுநீர்க் குழிகளிலும் கசட்டுத் தொட்டிகளிலும் ஐதரசன் சல்பைடு வளி உண்டாகிறது. காற்றைவிட அடர்த்தி மிகுந்த இவ்வளி குழியின் அடியில் தேங்கும். மிகச் சிறிதளவிலேயே அழுகிய முட்டை நாற்றம் தரும் இது, பத்து லட்சத்தில் ஏறத்தாழ 100 பங்கை எட்டும்போது மோப்ப உணர்வையே செயலிழக்கச் செய்துவிடும். ஆகவே நாற்றம் நின்றுவிட்டது என்பது ஆபத்து நீங்கியதற்கு அடையாளம் ஆகாது. 500 பங்கைத் தாண்டினால் விரைவில் நினைவிழப்பும், 700 முதல் 1,000 பங்கு அளவில் சில நிமிடங்களில் மரணமும் நேரும். அசைவற்றுக் கிடக்கும் கசட்டைக் கிளறும்போது அதில் அடைபட்டிருந்த வளி ஒரே நேரத்தில் வெளிவரும். குழியைத் திறந்தபோது பாதுகாப்பாகத் தோன்றியது வேலை தொடங்கியபின் கொல்லும் இடமாவது இவ்வாறே.

இவ்வகை விபத்துகளில் ஒருவரைக் காப்பாற்ற இறங்கிய மற்றவரும் இறப்பது பலமுறை நிகழ்ந்துள்ளது. ஆதலால் கீழ்க்காணும் விதிகள் எங்கும் பின்பற்றப்பட வேண்டியவை:

- எக்கி, நீர்த்தாரை ஊர்தி, உறிஞ்சு ஊர்தி போன்ற பொறிகளால் முடியும் வேலைக்கு ஆளை இறக்கலாகாது.
- தவிர்க்க இயலாதபோது, மூடிகளைத் திறந்து ஊதுகருவியால் காற்றோட்டம் உண்டாக்கி, ஆக்சிசன், மீத்தேன், ஐதரசன் சல்பைடு ஆகியவற்றைக் கருவியால் அளந்த பின்னரே இறங்க வேண்டும். ஆக்சிசன் 19.5 விழுக்காட்டுக்குக் குறைந்தால் இறங்கலாகாது. வேலை முடியும்வரை அளவீடு தொடர வேண்டும்.
- இறங்குபவர் உடற்கச்சையும் கயிறும், காற்றுக்கலத்துடன் கூடிய முகமூடியும் அணிய வேண்டும். துணியாலான முகக்கவசம் வளியைத் தடுக்காது.
- மேலே எப்போதும் ஆள் நிற்க வேண்டும். உள்ளிருப்பவர் மயங்கினால் கயிற்றால் மேலே தூக்க வேண்டுமேயன்றி, கவசமின்றி எவரும் பின்தொடர்ந்து இறங்கலாகாது.
- மீத்தேன் காற்றில் 5 முதல் 15 விழுக்காடு கலந்திருப்பின் வெடிக்கும். ஆகவே அருகில் தீயோ புகைபிடித்தலோ கூடாது.
- காற்றூட்டுத் தொட்டியில் விழுந்தவர் நீந்துவது கடினம். சுற்றிலும் கைப்பிடிக் கம்பியும் மிதவை வளையமும் இருத்தல் வேண்டும்.

இந்தியாவில் 2013 ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளும் பணியாளர் நியமனத் தடை மற்றும் மறுவாழ்வுச் சட்டம், உரிய பாதுகாப்பின்றிக் கழிவுநீர்க் குழாய்களிலும் மலத்தொட்டிகளிலும் ஆட்களை இறக்குவதைத் தடை செய்கிறது. இவ்வாறு இறந்தோரின் குடும்பத்திற்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க 2014 இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் இத்தொகையை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது.

வேறு வடிவங்கள்

- நீட்டித்த காற்றூட்டம்: கழிவுநீர் ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் தொட்டியில் தங்கும். கசடு குறைவாகவே உண்டாகும், மின்செலவு மிகும். சிறிய குடியிருப்புகளுக்கு ஏற்றது.
- ஆக்சிசனேற்ற வாய்க்கால்: 1950களில் நெதர்லாந்தில் பாசுவீர் என்பவரால் உருவாக்கப்பட்டது. நீள்வட்ட வாய்க்காலில் கலவைநீர் சுற்றிவரும்.
- தொடர்தொகுதி முறை: நிரப்புதல், காற்றூட்டல், படியவைத்தல், வடித்தல் ஆகிய யாவும் ஒரே தொட்டியில் முறைவைத்து நடைபெறும். ஆர்டென், லாக்கெட் ஆகியோரின் போத்தல் ஆய்வும் இவ்வகையைச் சார்ந்ததே.
- சவ்வு முறை: படிவுத் தொட்டிக்குப் பதிலாக நுண்துளைச் சவ்வு நீரை வடிக்கும். நீர் மிகத் தெளிவாயிருக்கும். சவ்வைப் பேணும் செலவு மிகும்.
- ஊட்டப்பொருள் நீக்கம்: காற்றற்ற பகுதிகளையும் காற்றுள்ள பகுதிகளையும் அடுத்தடுத்து அமைத்து நைட்ரசனையும் பாசுபரசையும் அகற்றுதல். 1970களில் தென்னாப்பிரிக்காவில் ஜேம்சு பர்னார்டு இதில் முன்னோடியாக விளங்கினார்.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும்

இந்தியாவில் 1986 ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள் உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் நீருக்கு லிட்டருக்கு 30 மில்லிகிராம் பி.ஓ.டி. என எல்லை வகுத்தன. 2017 அக்டோபரில் வெளியான அறிவிக்கை, கழிவுநீர் நிலையங்களுக்கெனப் பெருநகரங்களில் 20, பிற இடங்களில் 30 மில்லிகிராம் என வரையறுத்தது.

சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி ஆகிய இடங்களில் பெரிய நிலையங்கள் உள்ளன. இவற்றில் செயலூட்டிய கசடு முறை பின்பற்றப்படுவதோடு, கசட்டிலிருந்து கிடைக்கும் உயிர்வளியால் மின்னாக்கமும் நடைபெற்று வந்துள்ளது. 2019 இல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கொள்ளளவு கொண்ட மூன்றாம்நிலைச் சுத்திகரிப்பு நிலையங்கள் தொடங்கப்பட்டன. இரண்டாம்நிலையில் தெளிந்த நீர் இங்கு எதிர்ச் சவ்வூடுபரவலால் மேலும் தூய்மையாக்கப்பட்டுத் தொழிற்சாலைகளுக்கு வழங்கப்படுகிறது. அவ்வளவு நன்னீர் குடிநீருக்கென மிஞ்சுகிறது. ஆயினும் செயலூட்டிய கசட்டுத் தொட்டி சரிவர இயங்காது கலங்கல் நீர் வருமாயின், பின்னுள்ள விலைமிக்க சவ்வுகள் விரைவில் அடைபட்டுவிடும்.

நிறைகளும் குறைகளும்

குறைந்த நிலத்தில் பெருமளவு கழிவுநீரைத் தூய்மையாக்க இயல்வதும், பி.ஓ.டி.யில் 85 முதல் 95 விழுக்காடு வரை நீங்குவதும் இம்முறையின் நிறைகளாகும். இடைவிடாத மின்சாரம், பயிற்சி பெற்ற பணியாளர், நாள்தோறும் கசடு அகற்றும் ஏற்பாடு ஆகியவை தேவைப்படுவது இதன் குறையாகும். நிலம் மலிவாகவும் மின்சாரம் அரிதாகவும் உள்ள சிற்றூர்களுக்கு நிலைப்படுத்தும் குட்டைகள், நாணற் படுகைகள் போன்ற எளிய முறைகளே ஏற்றவை.

இவற்றையும் பார்க்க

- கழிவுநீர்
- உயிர்வேதி ஆக்சிசன் தேவை
- சாண எரிவளி
- எதிர்ச் சவ்வூடுபரவல்
- நைட்ரசன் சுழற்சி